மூச்சுப்புடி அக்கா விடுப்பில் இருக்கிறாள்

உலகத்தில் எத்தனையோ அதிகாரங்கள் உண்டு. எதிரே நிற்கும் ஆளின் மூச்சையே நிறுத்திவைத்து, போனால் போகட்டும் என்று பிறகு விட்டுக்கொடுக்கும் அதிகாரம் எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு மட்டும்தான் உண்டு. நம் கதாநாயகி அதை ஒரு கிளினிக்கின் ஜன்னலில்லாத அறையில் பல வருஷங்களாகச் செலுத்தி வருபவள். "நல்லா இழுங்க... புடிங்க... அசையாதீங்க... இப்ப விடுங்க." போலீஸ்காரரானாலும் சரி, பொட்டிக்கடைக்காரரானாலும் சரி, அவள் சொல்லாமல் விட்டதில்லை. அதனால் ஊரே அவளை மூச்சுப்புடி அக்கா என்றது.

வீட்டில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். வீட்டுக்காரர் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். லீவு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்வதே அவர் பள்ளிக்கூடத்தில் ஆற்றிய அரும்பணி. எவனாவது வயிற்றுவலி என்று வந்தால், "எந்தப் பக்கம்?" என்பார். அவன் யோசித்த அந்த ஒரு நொடியே போதும், வகுப்புக்குத் துரத்திவிடுவார். ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு திறமையையும் காட்ட வீட்டில் ஒருத்திதான் மிஞ்சினாள்.

ஆகவே, அதே கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் தோழி ஊசிக்காரி, "மூணு நாள் தீம் பார்க் போலாம்டி, அங்கயே ரூம் இருக்கு" என்றபோது அக்கா வீட்டில் அனுமதி கேட்கவில்லை. தகவல் தெரிவித்தாள்.

"இந்த வயசுல உனக்கு ராட்டினம் கேக்குதா?"

"ராட்டினத்துல வயசெல்லாம் கேக்க மாட்டாங்களாம். உயரந்தான் பாப்பாங்களாம்."

இந்தப் பதிலை எதிர்த்து அவரிடம் சுற்றறிக்கை எதுவும் இருக்கவில்லை.

முதல் நாள் காலையில் இருவரும் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வாடகை நீச்சலுடை முழங்காலைத் தாண்டித் தொங்கியது. போன் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அக்காவின் கழுத்தில் ஆடியது. முதல் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும்போதே அது அடித்தது.

"சர்க்கரை எங்க?"

"சர்க்கரைன்னு எழுதியிருக்கற டப்பாவுல."

அடுத்து வாஷிங் மெஷின் பற்றி. அதற்கடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவள் எங்கே போயிருப்பதாகச் சொல்வது என்பது பற்றி.

"ராட்டினம் சுத்தப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"அசிங்கமா இருக்காது?"

"எனக்கு இல்ல. உங்களுக்கு இருந்தா நீங்க சொல்லாதீங்க."

ஊசிக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்குப் பதில் சொல்லிட்டிருக்கற வரைக்கும் நீ வீட்டுலதான்டி இருக்கே. டிக்கெட்டு தண்டம்."

அந்தப் பூங்காவிலேயே உயரமான நீர்ச்சறுக்கு ஒன்று இருந்தது. இரும்புப் படிகள் வளைந்து வளைந்து மேலே போயின. உச்சியிலிருந்து பிரம்மாண்டமான நீலக் குழாய் ஒன்று மனிதர்களை விழுங்கிக் கீழே துப்பியது. காலையிலிருந்து அக்காவுக்கு அதன்மேல்தான் கண். பாதிப் படி ஏறியிருப்பார்கள். மறுபடி போன்.

"நெஞ்சு வலிக்குது."

பழக்கதோஷம். அக்கா ஊர் கேட்கும் குரலில் ஆரம்பித்துவிட்டாள். "பதறாதீங்க. நல்லா இழுங்க... புடிங்க..." படிக்கட்டில் முன்னும் பின்னும் நின்ற அத்தனை பேரும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்க" என்றதும் படிக்கட்டே பெருமூச்சு விட்டது.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

அவர் ஒரு நொடி யோசித்தார். "எல்லாப் பக்கமும்தான். நீ கிளம்பி வா."

"நான் வந்து சேர சாயங்காலமாயிடும். வலின்னா அது வரைக்கும் வெச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. கம்பவுண்டரைக் கிளினிக் வண்டியோட அனுப்பறேன், ஏறிப் போங்க."

"கம்பவுண்டர் எதுக்கு? நீதான் வரணும்." போன் வைக்கப்பட்டது.

அக்கா கம்பவுண்டருக்குச் சொன்னாள். பிறகு ஒரு படிகூட மேலே ஏறவில்லை. ஊசிக்காரி, "நடிப்புடி, நடிப்பு" என்றாள். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. நடிப்பு என்று நினைத்து இருந்துவிட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்களின் நெஞ்சுப் படங்களையும் அவள் எடுத்திருக்கிறாள் என்பதுதான் சங்கடம்.

கம்பவுண்டர் கூப்பிட்டார். "அக்கா, வீடு பூட்டியிருக்கு. போனும் சுவிட்ச் ஆஃப். பக்கத்துல யாருக்கும் தெரியல."

அதற்குப் பிறகு வேடிக்கை இல்லை. ஈரத்தோடு படியிறங்கியவள் உடை மாற்றியதையும் பையை அள்ளியதையும் பின்னால் நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே ஞாபகமில்லை. வாய் மட்டும், "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. செருப்பு மாறிப்போனதைக்கூட ஊசிக்காரிதான் கவனித்தாள். அவளும் இப்போது நடிப்பு என்று சொல்லவில்லை.

வெளிவாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "யோசிச்சுக்கங்கம்மா. கோட்டைத் தாண்டிட்டா இந்தப் பட்டை செல்லாது. திரும்ப உள்ள விடமாட்டோம்."

"வீட்டுல முடியலைங்க," என்று அக்கா காலை எடுத்தாள். எடுத்த கால் அந்தரத்திலேயே நின்றது.

கோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் பாட்டிலும் குடையுமாக, வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர்.

அக்காவின் கண் முதலில் நிறைந்தது. உயிரோடு இருக்கிறார். அடுத்ததாக அவள் தொழில் விழித்துக்கொண்டது: உதட்டில் நிறம் மாறவில்லை, தோள் சரியாக இருக்கிறது, மூச்சு சீராக வருகிறது.

"எப்படி வந்தீங்க?"

"ரெண்டு பஸ் மாறித்தான். ரெண்டாவதுல உக்கார இடங்கூட இல்ல."

"நின்னுக்கிட்டேவா அண்ணே வந்தீங்க?" என்றாள் ஊசிக்காரி, மிகுந்த அக்கறையோடு. "நெஞ்சுவலியோடவா?"

அவர் நெஞ்சில் கையை வைத்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, கையும் வலப்பக்கம் போய்விட்டது.

அக்கா தூக்கிய காலைக் கோட்டுக்கு உள்பக்கமாகவே இறக்கி வைத்தாள்.

"போனை ஏன் அணைச்சீங்க?"

"பஸ்லேர்ந்துதான் உன்கிட்டப் பேசினேன், அதோட சார்ஜ் தீந்துபோச்சு. அதை விடு. வந்தது வந்துட்டேன், கிளம்பு. ஒரு நாள் பாத்தாச்சுல்ல?"

"ஒரு நாள் எங்க பாத்தேன்? உங்க சர்க்கரை டப்பாவையும் வாஷிங் மெஷினையும்தான் பாத்தேன்."

"கொஞ்சம் வெளிய வா, தனியாப் பேசணும்."

"இங்கேர்ந்தே நல்லாக் கேக்குது. சொல்லுங்க."

காவலாளி வேறெங்கோ பார்ப்பவர்போலக் காதை இந்தப் பக்கம் கொடுத்து நின்றார். வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க? இதுக்கு நான் சம்மதிக்கல."

"நான் கேக்கவே இல்லியே," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "வீடு பூட்டியிருக்குன்னு கேட்டதுலேர்ந்து இங்க வந்து நிக்கற வரைக்கும் நான் செத்துப் பொழைச்சேன். அது உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தியமா இப்படி வந்து நின்னிருக்க மாட்டீங்க."

குடையைத் திறந்தார், மூடினார்.

"பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்," என்றாள். "போற வழியில கிளினிக்ல எறங்கி ஈசிஜி எடுத்துக்கங்க. கம்பவுண்டர் பாவம், உங்களத் தெருத்தெருவாத் தேடிக்கிட்டிருக்கார். நான் மூணாவது நாள் சாயங்காலம் வருவேன்."

"அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"லீவுன்னு நெனச்சுக்கங்க."

ஊசிக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் காவலாளியின் கூண்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அக்கா கம்பவுண்டரைக் கூப்பிட்டு, ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் மனசு இளகியிருக்கும். அது அவளுக்கே தெரியும்.

நீச்சலுடையை மறுபடி மாட்டிக்கொண்டு வந்தபோது, நீர்ச்சறுக்கில் அவர்கள் விட்டுவந்த இடம் எப்போதோ பறிபோயிருந்தது. வரிசை இப்போது படிக்கட்டைத் தாண்டி, ஐஸ்கிரீம் வண்டி வரைக்கும் நீண்டு கிடந்தது.

"நாளைக்கு வேணா வரலாமாடி?" என்றாள் ஊசிக்காரி.

"நாளைக்கும் வரலாம்," என்று சொல்லிக்கொண்டே அக்கா கடைசி ஆளாகப் போய் நின்றாள்.