எல்லா இடத்திலும் தேடியவன்

பாலக்கரை அடைக்கலராஜுக்கு எதையும் விட்டுவிட மனம் வராது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், பங்குகளை எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று தானாகவே விதி கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓட்டுவது அவன் வேலை. பழைய விலைகளைக் கொடுத்தால், அது கோடி விதிகளைக் கலந்து பார்த்து, லாபம் தந்திருக்கக்கூடியதைப் பொறுக்கித் தரும். எதற்குக் குறை வைப்பானேன் என்று எல்லாப் பங்குகளையும், எல்லா நேரங்களையும், இருக்கிற அத்தனை நிபந்தனைகளையும் திறந்துவிட்டான். வந்த விதிகள் பழைய விலையில் பொன்னாக மின்னின. புது வாரத்தில் பல்லிளித்தன.

"இவ்வளவு இடத்துல தேடினா ஏதாச்சும் பொருந்தத்தாங்க செய்யும்," என்றாள் பக்கத்து மேசை ஜெஸ்லின். "செவ்வாக்கிழமை மழை பேஞ்சா பேங்க் பங்கு ஏறும்னுகூட அது சொல்லும். நீங்களும் மண்டைய மண்டைய ஆட்டுவீங்க."

தேடலைக் குறுக்கினான். வங்கிப் பங்குகள் மட்டும், காலை நேரம் மட்டும், ஒரு விதிக்கு இரண்டே நிபந்தனை. கடைசி வருட விலைகளை மென்பொருளின் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைத்து, பிறகு அதில் சோதித்தான். மிஞ்சியவை கொஞ்சம்தான், ஆனால் நின்றன.

அந்தப் புத்தி வேலையோடு சரி. ஜெஸ்லினுக்குத் தன்மேல் பிரியம் உண்டா என்பதை அவன் எல்லா இடத்திலும் தேடினான். அவன் நீலச்சட்டை போட்ட நாளில் அவள் நீலச் சுடிதார். அவன் லீவு போட்ட அன்று அவளுக்குத் தலைவலி. இருவருக்கும் டீயில் சர்க்கரை கம்மி. பஸ் காவிரிப் பாலத்தைக் கடக்கையில் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பான், எல்லாமே பொருந்தும். அவளிடம் கேட்க மட்டும் வாய் வராது.

ஒரு மாலை நீலச்சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவள் மஞ்சளில் வந்தாள். செவ்வாய்க்கிழமை மழை என்று நினைத்தான். தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டான்.

"ஜெஸ்லின், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அம்மாவை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஞாயிறு கோயில்ல எனக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க, ராஜ்." நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, "போன வருஷமே கேட்டிருக்கலாம்ல?"

ஞாயிறன்று மேலப்புதூர் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றான். மணமக்கள் பெயரைப் படித்த ஃபாதர், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். யாரோ இருமினார்கள். முன்னால், பெண்கள் பக்கம், ஒரே மாதிரி வெள்ளை முக்காடுகள். அவற்றில் அவளுடையது எது என்று அடைக்கலராஜ் தேடவேண்டியிருக்கவில்லை.