விலை கேட்காத போஞ்சி

நமுனுகுல மலையடியில் பூரணம் என்று சொன்னால் எந்தப் பூரணம் என்று கேட்பார்கள். போஞ்சிக்காரப் பூரணம் என்றால்தான் தெரியும். அப்பா வழி ஆட்கள் எல்லாம் இதே மலையில் தேயிலைக் கொழுந்தோடு கிடந்து செத்தவர்கள். அம்மா லுணுகலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாயைத் திறந்து ஒருவரிடம் ஒன்று கேட்டறியாதவள். அந்தக் குணம் கூடப் பிறந்தவர்கள் யாருக்கும் வராமல் பூரணத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

புருஷன் அழகர் தெமோதரைப் பக்கத்து ஆள், அவளுக்கு அத்தை மகன் முறை. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே தேயிலை செத்துக் காடாகக் கிடந்த சரிவை, பயிர் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சமாகத் தோட்ட நிர்வாகம் விட்டபோது, முதலில் மம்பட்டியோடு இறங்கியவர் அவர்தான். இருவருமாகக் கல் பொறுக்கினார்கள், கம்பு நட்டார்கள், போஞ்சிக் கொடியை ஏற்றினார்கள்.

போஞ்சி என்கிற பீன்ஸுக்குப் பொறுமை கிடையாது. பிஞ்சில் பறித்தால் எடை நிற்காது. கொஞ்சம் தாமதித்தால் கொட்டை புடைத்து நார் ஓடிவிடும். பறித்துச் சாக்கில் கட்டிவிட்டாலோ அதற்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இன்னொரு நாள். ஈரம் பட்டால் அதுவும் இல்லை, துருப் பிடித்த மாதிரி புள்ளி விழுந்துவிடும். அதனால் போஞ்சி வைத்தவர்கள் மழையைப் பார்த்ததை விட லொறி வருகிற பாதையைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த லொறி பதுளை மஹ்ரூப் முதலாளியுடையது. பாதை வளைகிற கோயில் முடக்கு வரை வரும். தோட்டத்துப் போஞ்சியை எல்லாம் அவர்தான் ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய சந்தையில் கொடுப்பார்.

ஒரு பின்னேரம், மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே அழகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தோட்டத்து வண்டி பழுதாகிக் கிடந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. மஹ்ரூப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறியில் ஏறி, ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிக் கீழே தள்ளினார். ஊர்ச் சனத்தின் போஞ்சி எல்லாம் ரோட்டுச் சேற்றில் கிடந்தது. அந்த இடத்தில் அழகரைக் கிடத்தி, தலையைப் பூரணத்தின் மடியில் வைத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

அழகர் பிழைக்கவில்லை. அதே லொறிதான் உடலையும் கொண்டு வந்தது. குழிமேட்டில் மண் தள்ளி முடிகிற வரைக்கும் மஹ்ரூப் ஒரு தேயிலைச் செடியோரமாக நின்றிருந்தார். சேற்றில் தள்ளின போஞ்சி கறுத்து நாறிப்போனதும், அதற்கெல்லாம் அவரே எல்லோருக்கும் விலை கொடுத்துத் தீர்த்ததும், வெகு காலம் கழித்துப் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த செவனம்மா வாய் வழியாகத்தான் பூரணத்துக்குத் தெரிய வந்தது.

கருமாதி முடிந்து முதல் தடவை மூட்டையோடு முடக்கில் நின்றாள். மஹ்ரூப் அன்றைய விலையைச் சொல்ல வாயெடுத்தார்.

"வெல சொல்லாதீங்க நானா. குடுக்கிறதக் குடுங்க."

"அது எப்பிடித் தங்கச்சி? யாவாரமெண்டா வெல பேசத்தானே வேணும்."

"வேத்தாளுககிட்ட பேசிக்கிறேன். ஒங்ககிட்ட பேச மாட்டேன்."

அதற்குப் பிறகு அவரிடம் அவள் விலை கேட்டதே இல்லை. வேறொரு லொறிக்கு ஒரு பிடி போஞ்சி கொடுத்ததும் இல்லை. அவரும் அவளுக்குக் குறை வைத்ததில்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரே மகன் கிஷாந்தன் பள்ளிக்கூடத்தை விட்டதும் கொழும்பில் துணிக்கடைக்குப் போனவன். தைப்பொங்கலுக்கு வந்தவன் பையைப் பிரித்துச் சட்டையெல்லாம் ஆணியில் மாட்டினான்.

"நின்னு நின்னு காலு வீங்கிப் போகுதும்மா. இந்த ஒரு போகம் ஒன்கூட நின்னு பாக்குறேன். சரிவந்தா இங்கயே இருந்துர்றேன். இல்லேன்னா போயிருவேன், கடையில எடம் வச்சிருக்காங்க."

பூரணத்தின் காதில் முன்பாதிதான் ஏறியது. அந்த லயத்தில் எந்தக் காம்பராவிலும் இளவட்டம் இல்லை, எல்லாம் கொழும்பில். கொடியில் ஆம்பிளைப் பிள்ளையின் சட்டை காய்ந்தது அவள் வாசலில் மட்டும்தான். அவன் மேல் சரிவையும் வெட்டித் திருத்தினான். குழாய் இழுத்துத் தண்ணீர் கொண்டு வந்தான். கொடி கம்பு தாண்டி ஏறிப் பூத்தது. கோயிலுக்குப் போனால் அவள் வாயில் வேறு வேண்டுதல் வரவில்லை. போஞ்சி நல்லபடியாகப் போகணும், பிள்ளை நிக்கணும்.

அப்போது மஹ்ரூப் கை கால் இழுத்துப் படுக்கையில் விழுந்திருந்தார். லொறியோடு வந்தவன் அவர் மகன் ஷிராஸ். முந்தின நாளே ஃபோன் எடுத்து, "பறிச்சி வைங்கொ" என்பான். அந்தச் சொல்தான் பேச்சு, அதுதான் எழுத்து.

முதல் பெரிய பறிப்புக்கும் அப்படித்தான் சொன்னான். "நாளைக்கிப் பறிச்சி வைங்கொ மாமி. பகலைக்கி வாரேன்."

விடிந்ததும் தாயும் மகனும் இறங்கினார்கள். செவனம்மாவும் கைகொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் மூட்டைகள் முடக்குக்கு வந்துவிட்டன. பகல் வந்தது, ஷிராஸ் வரவில்லை. வந்தது மட்டக்களப்புப் பக்கம் போகிற ஒரு புது லொறி. நல்ல விலை என்றதும் மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த வியாபாரி பூரணத்தின் சாக்குக்குள் கை விட்டு ஒரு காயை எடுத்து ஒடித்தான். டக்கென்று முறிந்தது.

"நல்ல சாமான். ஏத்தவா?"

"இது சொல்லி வச்சது" என்றாள் பூரணம்.

கிஷாந்தன் அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனான். "அம்மா, இதக் குடுத்துருவோம். அவரு வந்தா மேல் வரிசையப் பறிச்சிக் குடுக்கலாம்."

"பறிக்கச் சொன்னது அவுக. நான் சரின்னுட்டேன்."

"ஃபோன்லதானம்மா சொன்ன!"

"எதுல சொன்னா என்னாடா, என் வாயாலதான சொன்னேன்?"

செவனம்மா தன் மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். "ஏன் பூரணம், ஒன் சின்ன மொதலாளி வழியில பொண்ணு பாக்க எறங்கிட்டாராக்கும்? போஞ்சியெல்லாம் கொட்ட வச்சி மொளைச்சப் பொறகு மாப்பிள்ளையா வருவாரு பாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூரணமும் சிரித்து வைத்தாள். புது லொறி முடக்கைத் திரும்பி மறைகிற வரை கிஷாந்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பொழுது சாய்ந்தும் ஷிராஸ் வரவில்லை. அவன் ஃபோனும் வேலை செய்யவில்லை. மூட்டைகளைத் தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடினார்கள். இரவு மழை. மறுநாளும் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த காலை சாக்கைப் பிரித்தால் உள்ளே அனலாகக் கொதித்தது, புளித்த வாடை. கையில் எடுத்த காய் வழுக்கியது. கிஷாந்தன் மூட்டைகளைத் தூக்கிப் போய்த் தேயிலைத் தூரில் கொட்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வந்து குளித்துவிட்டு, கொழும்புக்குப் போட்டுப் போகிற காற்சட்டையைத் துவைத்துக் காயப் போட்டான்.

பூரணம் கொடியடிக்கு வந்து அவன் கையைப் பிடித்தாள். "இருடா தம்பி. நான் பதுளைக்குப் போயி நேராக் கேட்டுட்டு வாறேன். அடுத்த பறிப்புக்கு உறுதியா ஒரு வார்த்த வாங்கியாந்தா இருப்பியா?"

"வாங்கிட்டு வா, பாப்போம்."

பஸ்ஸில் போகும்போது கேட்க வேண்டியதை எல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒங்க வார்த்தைய நம்பித்தான தம்பி பறிச்சேன். வர முடியலேன்னா ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா. இனி வருவீங்களா மாட்டீங்களா. வாழ்நாளில் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. பதுளையில் இறங்கி மஹ்ரூப் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மஹ்ரூபின் மனைவி ஸுபைரா கதவைத் திறந்தார். "அல்லாஹ், பூரணம் தங்கச்சியா? உள்ளுக்கு வாங்கொ. அவர் ஒங்களக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்."

கட்டிலில் மஹ்ரூப் கிடந்தார். மூட்டைகளை உருட்டித் தள்ளின அந்தக் கை மடங்கி நெஞ்சின் மேல் கிடந்தது. அவளைக் கண்டதும் ஒரு பக்கத்து உதடு மட்டும் அசைந்தது. வார்த்தை குழறித்தான் வந்தது, ஆனாலும் விளங்கியது.

"போஞ்சி... எப்பிடி? மகன்... ஒழுங்கா வாரானா?"

இதற்குத்தான் வந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நிமிர்ந்தபோது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி ஷிராஸ் அசையாமல் நிற்பது தெரிந்தது.

"வாறாரு நானா" என்றாள். "நேரத்துக்கு வாறாரு. இந்தத் தரமும் வந்து ஏத்திட்டுப் போனாரு. நல்ல வெல."

மஹ்ரூபின் கண்ணில் பழைய குறும்பு வந்தது. "நீ... வெல கேட்டியா?"

"கேக்கல நானா."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாயோரம் வழிந்த எச்சிலை ஸுபைரா துடைத்துவிட்டார்.

ஷிராஸ் ரோடு வரைக்கும் கூட வந்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சந்தையில போஞ்சி குமிஞ்சிட்டு மாமி. நான் குடுக்கிற பெரிய முதலாளி எடுக்க ஏலாதெண்டுட்டார். ஒங்களுக்கு அதச் சொல்ல முகமில்லாம ஃபோன நிப்பாட்டி வெச்சேன். வாப்பாக்கு ஒண்டும் தெரியாது. அடுத்த பறிப்பு என்னெண்டும் இப்ப சொல்ல ஏலாது."

கேட்பதானால் அங்கேதான் கேட்டிருக்க வேண்டும். வார்த்தை கொடு என்று நெருக்கியிருந்தால் ஒருவேளை கொடுத்தும் இருப்பான்.

"வாப்பாவப் பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிஷாந்தன் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான். "என்னா சொன்னாரு?"

"கேக்க முடியலடா."

அவன் உள்ளே போய், ஆணியில் மாட்டிய சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தான். தெமோதரையில் ரயில் ஏற்றிவிட அவளும் போனாள். கட்டிக் கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டு, "ஒம்மேல கோவமில்லம்மா" என்றான். கோபம் இருந்திருந்தால் அது தணிகிற நாளில் திரும்பி வருவான் என்றாவது காத்திருக்கலாம். ரயில் போன பிறகும் அவளுக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அந்த வாரம் கழிந்து ஒரு பின்னேரம் ஃபோன் அடித்தது. ஷிராஸ். "நாளைக்கிப் பறிச்சி வைங்கொ மாமி. கட்டாயம் வாரேன். வேற எடம் பாத்திட்டேன்."

செவனம்மாவுக்குக் காய்ச்சல், வேறு ஆளும் கிடைக்கவில்லை. பூரணம் தனியே இறங்கினாள். கீழ் வரிசைகளை முடிக்கவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அரைகுறையாக நிரம்பிய இரண்டு சாக்குகளை முதுகில் மாறி மாறிச் சுமந்து முடக்குக்கு ஏற்றினாள்.

லொறி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஷிராஸ் குதித்து இறங்கி, சாக்குகளையும் அவளையும் பார்த்தான்.

"இவ்வளவுதானா மாமி? வார வழியில பாத்தேன், மேல் வரிசை நல்லாக் காய்ச்சிருந்திச்சே."

"முத்திப் போச்சு தம்பி. பறிக்க ஆளில்ல."

"கிஷாந்தன் எங்க?"

"கொழும்புக்குப் போயிட்டான்."

சாக்கைத் தூக்கியவன் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக லொறியில் வைத்து, கீழே இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு அன்றைய விலையைச் சொல்ல வாயெடுத்தான்.

"வேணாம் தம்பி, சொல்லாதீங்க" என்றாள் பூரணம். "வாப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க. போஞ்சி ஏத்தியாச்சின்னு."