குழிக்குள்ள நீலம், குழிக்கு மேல மாமனாரு

நீலக்கல்லு எடுக்கற தொழில்ல கல்லத் தவிர மத்ததெல்லாம் கெடைக்குமுங்க. முதுகு வலி கெடைக்கும், தேளு கெடைக்கும், போறவன் வாறவன் சிரிப்புக் கெடைக்கும். வாரம் பூரா ஒழைச்சுப்போட்டு வெறுங்கையோட ஊட்டுக்குப் போற பொழப்பு உங்களுக்கும் இருந்துச்சுன்னா நாம சொந்தக்காரங்க. என்ற பேரு சவரி. காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்துல, அனுமதி வாங்கின குழியில, நானும் கூட்டாளி செல்வராசும் தோண்டறம். முப்பத்தஞ்சு தாண்டிப்போச்சு, பொண்ணு அமையல. அதுக்குக் காரணம் நானா கல்லான்னு நீங்களே சொல்லுங்க.

எச்சி தொட்டு

காஞ்ச கல்லு எல்லாமே சாம்பல் பூத்தாட்டத்தான் இருக்கும். ஈரம் பட்டாத்தான் உள்ள நீலம் இருக்குதா, வெறும் வெள்ளையான்னு தெரியும். காட்டுக்குள்ள தண்ணிக்கு எங்க போறது? நாக்குல ஒரு இழுப்பு. எங்க தொழில்ல எல்லாருமே அப்படித்தானுங்க. கல்லக் கண்டா கை எடுக்கும், நாக்கு நீளும், புத்தி கடைசியாத்தான் வந்து சேரும்.

ஒரு மழை விட்ட காலைல பக்கத்துக் காட்டுல மண்ணு கரைஞ்சு ஒண்ணு மின்னுச்சு. எடுத்தன், நக்குனன், வெயில்ல காட்டுனன், மறுக்கா நக்குனன். உப்புக் கரிச்சுது. இது புது ஜாதிக் கல்லுடான்னு செல்வராசுக்கும் நீட்டுனன். அவன் நக்கி முடிக்கற வரைக்கும் பொறுமையா நின்னு பாத்துப்போட்டு, காட்டுக்கார அம்மா சொல்லுச்சு: "ஏனுங் தம்பி, நேத்துப் பொழுதோட வரைக்கும் அங்கதானுங்க கெடாயக் கட்டியிருந்தேன்."

பொண்ணு பாக்கப் போனது

கோயமுத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கற சூசையப்பன் ஊட்டுல பொண்ணு இருக்குதுன்னு கல்யாணத் தரகரு கூட்டிட்டுப் போனாரு. பொண்ணு பேரு ஸ்டெல்லா, பள்ளிக்கோடத்துல டீச்சரு. மாப்ள மைன்ஸ்ல இருக்காருன்னு தரகரு சொல்லி வெச்சிருந்தாரு. பொய்யில்லீங்க, கழுத்து வரைக்கும் உள்ளதான் இருக்கறன்.

அவங்க ஊட்டுத் தரை பூரா கிரானைட்டு. கல்லுக்குக் கல்லு வெள்ளைக் கோடு, ஓரத்துல காக்காப்பொன்னு மினுக்குது. எனக்கு அதுக்கு மேல கண்ணு நகரல. பூமி வெடிச்சு, அடியில கொதிக்கற கொழம்பு அந்த வெடிப்புல ஏறி, ஆற அமரக் குளுந்தாத்தான் அந்த மாதிரிக் கோடு விழும். எங்க பக்கம் வெங்கச்சாங்கல்லும்பாங்க. அதுக்குள்ளதான் எங்க நீலம் ஆறு பட்டை பென்சிலாட்ட நிக்கும். ஒரு பொட்டு இரும்பு சேந்தா நீலம், சேராட்டி சீந்த ஆளில்ல. இதையெல்லாம் நெனச்சுட்டு ஒவ்வொரு கல்லாப் பாத்துட்டே போன கண்ணு, ஒரு ஜோடிக் கொலுசுல முட்டி நின்னுச்சு. காப்பித் தட்டோட நின்ன ஸ்டெல்லா கேட்டுச்சு: "எங்க ஊட்டுத் தரையப் புடிச்சிருக்குதுங்களா?"

ஆயர் மோதிரம்

அப்பவும் வேண்டாம்னு சொல்லலைங்க. அவங்க பங்குக் கோயில் தேர் நோம்பிக்கு வரச் சொன்னாங்க. சொந்தபந்தம் பூரா மாப்ளயப் பாக்கற நாளு. பூசை முடிஞ்சு, வெளியூர்ல இருந்து வந்த ஆயர், அதான் பிஷப்பு, அவரு மோதிரத்த எல்லாரும் வரிசையா மண்டி போட்டு முத்தம் வெக்கறாங்க. எனக்கு முன்னாடி சூசையப்பன், பின்னாடி ஸ்டெல்லா. மோதிரத்துல ஊதாவும் நீலமுமா ஒரு கல்லு.

சத்தியமா பக்தியோடதானுங்க குனிஞ்சன். நாக்கு அதுபாட்டுக்கு வெளிய வந்து, ஒரு இழுப்பு இழுத்துப்போட்டு உள்ள போயிருச்சு. அதோட நின்னிருந்தாலும் பரவால்ல, அவரு கையத் திருப்பி வெளிச்சத்துல வேற காட்டிப்போட்டன். ஆயர் கோவிக்கல. குனிஞ்சு என்ற காதோட ரகசியமாத்தான் கேட்டாரு, ஆனா சட்டையில மைக்கு மாட்டியிருந்துச்சு: "என்ன தம்பி, கல்லு அசல்தானா?"

பேசிக் காட்டுனது

அதுக்கப்பறம் அவங்க ஊட்டுல இருந்து ஒரு போன் வரல. சம்பந்தம் முடிஞ்சுதுன்னு செல்வராசே சொல்லிப்போட்டான். நான் மனசு கெட்டா யாராட்டமாச்சும் பேசிக் காட்டுற ஆளு. சூசையப்பன் தொண்டையக் கனைக்காம ஆரம்பிக்க மாட்டாரு, 'அப்படீங்கறேன்'னு சொல்லாம முடிக்க மாட்டாரு. குழிக்குள்ள நின்னுட்டு, அவராட்டவே வயித்தத் தள்ளிட்டு, மாப்ள நக்கப்போறாருன்னு முந்தியே தெரிஞ்சிருந்தா மோதிரத்தக் கழுவி வெச்சிருப்பமுங்க, அப்படீங்கறேன்னு கனைச்சுக் காட்டுனன்.

செல்வராசு சிரிச்சான். அப்பறம் திடீர்னு சிரிப்ப நிறுத்திட்டு மேல பாத்தான். குழி ஓரத்துல மூணு தலை தெரிஞ்சுது. சூசையப்பன், ஸ்டெல்லா, ஸ்டெல்லாவோட அத்தை. மைன்ஸப் பாத்துப்போட்டே முடிவு சொல்லலாம்னு காரெடுத்துட்டு வந்திருக்காங்க. லாரியெல்லாம் எங்க நிக்குதுன்னு அத்தை அக்கட்ட இக்கட்டத் தேடுது. சூசையப்பன் தொண்டையக் கனைச்சாரு: "அந்த 'அப்படீங்கறேன்'ன இன்னுங் கொஞ்சம் இழுக்கோணுமுங்க, மாப்ள."

ஒரே தட்டு

மூஞ்சியக் காட்ட முடியாம குழிச் செவுத்துப் பக்கம் திரும்பிட்டன். அங்க, கண்ணுக்கு நேரா, வெங்கச்சாங்கல்லுக்குள்ள விரல் தண்டிக்கு நீலம். மழ விட்ட வானமாட்ட, ஒரு கீறல் இல்ல. இத்தன வருசத்துல அப்படி ஒண்ணப் பாத்ததில்லீங்க. அந்த மாதிரிக் கல்லச் சுத்தியும் மூங்கில் குச்சியில நோண்டி, அரை நாளானாலும் பொறுமையா எடுக்கோணும். இரும்பே படக்கூடாது. எல்லாந் தெரியும். ஆனா மேல அவங்க நிக்கறாங்க. இது முழுசா வந்துச்சுன்னா இந்தப் பொந்து மைன்ஸ் ஆகும், நான் மாப்ள ஆவன். சுத்தியல எடுத்துத் தட்டுனன். ஒரே தட்டு. நீலம் பொடிப்பொடியா செல்வராசு தலையில கொட்டுச்சு.

மேல ஏறி வந்து தலையத் தொங்கப்போட்டு நின்னன். சூசையப்பன் ஸ்டெல்லா காதுல என்னமோ சொல்லிப்போட்டு, மூஞ்சியத் திருப்பிட்டுக் காருக்குப் போயிட்டாரு. கல்லும் போச்சு, பொண்ணும் போச்சு. ஸ்டெல்லா மட்டும் சித்த நேரம் நின்னுச்சு. அப்பா கோவத்துல போகலீங்க, உங்க முன்னாடி சிரிக்கக் கூடாதுன்னு போயிருக்காருன்னு சொல்லுச்சு. பாத்தா கார் கண்ணாடிக்குள்ள அவரு தோளு குலுங்குது. அம்மா தவறுனதுக்கப்பறம் அவரு இப்படிச் சிரிச்சது தேர் நோம்பி அன்னிக்கும் இன்னிக்கும்தானாம். அப்பறம் என்ற மூஞ்சியப் பாக்காம, குழியப் பாத்துட்டே சொல்லுச்சு: "கோயில்ல நம்ம கல்யாணத்த அறிவிச்சு ஓலை படிக்கச் சொல்லிரலாம்னு அப்பா சொல்றாருங்க, ஆனா தாலிய எதைக் கொண்டும் தட்டிப் பாக்கக் கூடாது."

இத்தன வருசம் தோண்டி நான் கண்டது ஒண்ணுதானுங்க, எவ்வளவு ஆழம் போனாலும் நம்ம மூஞ்சிய ஒளிச்சு வெக்க மட்டும் பூமியில எடம் பத்தறதில்ல.