சோபா போட்ட ஹால்

செங்கம் ரோட்டில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, தான் வரைந்த மலைப் படங்களைப் பிரிண்ட் போட்டு ஆன்லைனில் விற்கும் ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். பிரிண்ட்டைத் தொடும் முன் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொள்வார். மாதக்கணக்கில் ஒன்றுகூடப் போகவில்லை.

"வெறும் படத்தைப் போட்டா எப்படிங்க? வீட்டுச் சுவத்துல மாட்டி போட்டோ எடுத்துப் போடுங்க" என்றேன்.

மறுநாள் எடுத்து வந்தார். காரை பெயர்ந்த சுவர், கீழே ஒரு கட்டில். நான் நெட்டில் சோபா போட்ட ஹால் ஒன்றைத் தேடி, அதில் அவர் மலையை மாட்டினேன்.

"இது யார் வீடுங்க?"

"யார் வீடும் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

"அப்ப நம்ம வீடு மாதிரி அங்கியும் யாரும் இல்ல" என்றார்.

அந்த வாரமே ஆர்டர் வந்தது. அவர் எடுத்த போட்டோவை நான் இன்னும் அழிக்கவில்லை. கட்டிலில் இரண்டு தலையணை இருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.