அண்ணி என்று போட்ட பேனர்

சாண்ட்ராவுக்குப் பிராங்கிளினைப் பிடித்துத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பையனை அலையவிட்டுக் கைகழுவிவிட்டாள் என்று எங்கள் தெருக்காரர்கள் சொல்வதையே நீங்களும் சொல்லுவீர்கள்.

ராயபுரத்தில் எங்களுக்கு எதிர்வீடு அவளுடையது. அப்பா வால்டர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சாண்ட்ரா. வேதியியல், இரண்டாம் வருடம். படித்து முடித்து எண்ணூர்ப் பக்கம் ஏதாவது கம்பெனி லேபில் வேலைக்கு உட்கார வேண்டும் என்பாள். அதைவிட்டால் அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

பிராங்கிளின் அதே கல்லூரியில் மூன்றாம் வருடம், மாதா கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பவன். கெட்ட பையன் என்று சொல்ல முடிந்தால் எனக்கும் நிம்மதியாக இருக்கும், ஆனால் முடியவில்லை. பஸ்ஸில் பேசிப் பழகி, ஒருநாள் மனதில் இருந்ததைச் சொன்னான். படிப்பு முடியட்டும், அப்புறம் பதில் சொல்கிறேன், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள் அவள். அவன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். நம் பையன்களுக்கு வேறு எப்படி எடுத்துக்கொள்ளத் தெரியும்?

எங்கள் பக்கம் பிறந்தநாள் என்றால் தெருமுனையில் பேனர் கட்டாமல் தீராது. கைக்குழந்தைக்கும் கட்டுவார்கள், குத்துச்சண்டையில் ஜெயித்தவனுக்கும் கட்டுவார்கள். சாண்ட்ராவின் பிறந்தநாளன்று விடிந்து பார்த்தால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் என்று அவள் அனுப்பிய படம், பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட அவன், கீழே வரிசையாக அவனுடைய தோஸ்துகளின் முகங்கள். ‘எங்கள் அண்ணிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

துறைமுகத்திலிருந்து திரும்பிய வால்டர் அதற்குக் கீழே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. கயிற்றை அறுத்து, பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு சாண்ட்ராவை அவள் அம்மா ஹில்டா கல்லூரிக்கு அனுப்பவில்லை.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரே கோயில், தெரிந்த குடும்பம், பையனும் தங்கமான பையன், கட்டிவைத்துவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும் என்று முடிவானது. பிராங்கிளினுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயில் பூசையில் ஓலை வாசிப்பதற்கு முன்னால் பெண்ணையும் பையனையும் ஃபாதர் தனித்தனியாகக் கூப்பிட்டு, முழுச் சம்மதம்தானா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்பது வழக்கம். எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். ஹில்டா வாசலில் நிற்க, சாண்ட்ரா உள்ளே போனாள்.

“என்னிய யாருமே கேக்கல ஃபாதர். நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க. எனக்கு இஷ்டமில்ல.”

கல்யாணம் நின்றது. படிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. வால்டர் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். பேரைக் கெடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் ஒப்பாதவளுக்குக் காலேஜ் ஒரு கேடா என்றாள் ஹில்டா. கடைசியில் நான் பில் போடும் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் நானே சொல்லிச் சேர்த்துவிட்டேன். நாளெல்லாம் புடவையைப் பிரித்துக் காட்டுகிறாள், மறுபடி மடிக்கிறாள். பிராங்கிளின் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டான்.

போன மாதம் அவன் கடைக்கு வந்தான். ஆள் இளைத்துப்போயிருந்தான். தப்புதான் என்று முனகினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“பேனரு கட்றதுக்கு மின்னாடி உன்னிய ஒரு வார்த்த கேட்டிருந்தா, இன்னா சொல்லிருப்ப?”

“வேணான்னு சொல்லிருப்பேன். காலேஜ் முடிச்சிட்டு நானே உங்க வூட்டாண்ட வந்து சரின்னு சொல்லிருப்பேன்.”

அவன் நகரவில்லை. இப்போதாவது என்று ஏதோ ஆரம்பித்தான்.

“கஸ்டமர் நிக்கிறாங்க, நவுரு” என்றாள்.

அவன் போனதும் அடுத்த புடவையைப் பிரித்தாள். நான்தான் பில்லில் தொகையைத் தப்பாகப் போட்டு, அடித்துத் திருத்தினேன்.