அம்மாவிடம் பேர் கேட்ட போன்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு எழுதச் சொன்ன மாமா, "கோபத்தையெல்லாம் கொட்டாதம்மா, சாமி காரியம்" என்றார். முயன்று பார்க்கிறேன்.

அம்மா இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நல்லதண்ணி ஊர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா இளவயதிலேயே போய்விட, கொழுந்து பறித்தே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முதல் ஆளாய்ப் போய் அடுப்படியில் நிற்பார். ஒன்று மட்டும் செய்யமாட்டார். அப்பாவின் பேரை வாய்விட்டுச் சொல்லமாட்டார். கிராம சேவகரே கேட்டாலும், "புள்ளைய கேளுங்க சார்" என்று எங்களை முன்னால் தள்ளிவிடுவார். புருஷன் பேரைச் சொல்வது அவருக்கு அத்தனை பெரிய மரியாதைக் குறைவு.

தம்பி வெளிநாடு போகும்போது, முகம் பார்த்துப் பேச ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். பாஸ்வேர்டாக அப்பாவின் பேரைப் போட்டான். "அம்மா மறக்கவே மாட்டாங்கக்கா" என்று பெருமை வேறு. மறக்கமாட்டார்தான், சொல்லவும் மாட்டாரேடா!

அந்தப் போன் சும்மா இருக்குமா? திடீரென்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். பிறகு பாஸ்வேர்ட் கொடு என்று நிற்கும். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஹட்டன் டவுனில் போன் பார்க்கும் கம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டு போவார்.

"பாஸ்வேர்ட் என்னம்மா?"

"எங்க வீட்டுக்காரங்க பேருங்க."

"அவரு பேரு என்ன?"

அவ்வளவுதான். போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு, நான் வேலை செய்யும் தையல் கடைக்கு வந்து நிற்பார். நான் அடித்துக் கொடுத்தால்தான் மகன் முகம் தெரியும்.

"இந்தக் காலத்துல இதெல்லாம் கத்துக்கணும்" என்று எத்தனை பேர் அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆற்றுத் தண்ணியில்தான் கரண்ட் எடுக்கிறார்கள். எங்கள் லயத்து வீட்டில் பல்ப் போட அம்மா இன்ஜினியருக்குப் படிக்க வேண்டும் என்று எவராவது சொன்னார்களா? சுவிட்சைத் தட்டினால் எரிகிறது. பெற்ற பிள்ளையோடு பேசுவதற்கு மட்டும் ஏன் இத்தனை பரீட்சை? போனைச் செய்தவர்கள் படித்தவர்கள்தானே, அவர்கள் கொஞ்சம் யோசித்துச் செய்யட்டுமே. அம்மாவோ, "விடுடி, எனக்குத்தான் மண்டையில ஏறல" என்பார். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

கடைசியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. "தம்பி மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும்" என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. கடைசி நாள் காலையிலும் என் போனிலிருந்து எடுத்துப் பார்த்தோம். அவன் வேலையில் இருந்தான், எடுக்கவில்லை. மாற்றுத் துணி எடுத்துவர நான் வீட்டுக்குப் போன நேரம், அம்மாவின் போன் மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் பொல்பிட்டிய ஊர் அக்கா ஒருவர் இருந்தார். அம்மா அவரைக் கிட்டக் கூப்பிட்டு, காதோடு காதாக அப்பாவின் பேரைச் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம்.

அக்கா அடித்த பேர் சரிதான். ஆனால் போன் விடவில்லை. இது நீங்கள்தானா என்று உறுதி செய்ய, ஒரு ரகசிய இலக்கம் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அது போனதோ தம்பி எப்போதோ கைவிட்ட பழைய நம்பருக்கு. நான் பஸ்ஸில் இருந்து இறங்கி வார்டுக்குள் போவதற்குள் அம்மா போய்விட்டார்.

துக்கத்தில் தோள்கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், பெட்டி தூக்கியவர்களுக்கும், கருமாதி வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டு வந்த பக்கத்து லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் கையைக் கடைசிவரை பிடித்திருந்த அந்தப் பொல்பிட்டிய அக்காவைக் கும்பிடுகிறோம்.

அந்தப் போனைச் செய்தவர்களுக்கு மட்டும் நன்றி சொல்ல மனசு வரவில்லை, மாமா மன்னிக்கணும். எங்கம்மா அந்தப் பேரையே சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் அது, நீ யார் என்று அவரைக் கேட்டது.