சங்கிலி போட்ட பெட்டி

கப்பலில் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "மருந்தை எதில வச்சிருக்கீங்க?" என்றுதான். காசு, டிப்ஸ், வாந்தி எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இதனால் புனேயில் எங்கள் விஷ்ராந்த்வாடி அடுக்குமாடி சொசைட்டியில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பேர். லிஃப்டில் ஏறினால்கூட இந்தம்மா பிடித்துவைத்துப் பாடம் எடுக்கிறாள் என்கிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் அக்கா ஊரின் இன்னொரு கோடியில், ஆகுர்டியில் இருக்கிறாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு இரண்டு வருஷமாக அக்கா சொசைட்டி கேட்டைத் தாண்டவே இல்லை. காய்கறிக்குக்கூட மருமகள்தான் போவாள். கூப்பிட்டால், "எனக்கு எதுக்குடி அதெல்லாம்" என்பாள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அறுபத்திரண்டு வயதில் என்ன 'எனக்கு எதுக்கு'?

அதனால் அவளைக் கேட்காமலே மும்பையிலிருந்து மூன்று ராத்திரி கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா பையன் போனில் குதித்தான். அவனுக்குத் தமிழ் பாதிதான் வரும். "சித்தி, அம்மாக்கு சுகர் இருக்கு. போன தீபாவளிக்கு ஒரு இஞ்செக்‌ஷன் மிஸ் ஆகி மூணு நாள் ஹாஸ்பிட்டல். நடு சமுந்தர்ல என்ன செய்வீங்க?"

"நான் இருக்கேன்ல?" என்றேன். பெரிய இவள் மாதிரி.

சொல்லிவிட்டேனே தவிர பயம் எனக்கும் இருந்தது. அக்காவுக்குக் காலையில் ஒரு ஊசி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி. இந்தப் பயணத்தில் ஏதாவது ஒன்று ஆனால் பையன் அவளை வெளியே விட மாட்டான். அதைவிட, அவளே இனிமேல் வெளியே வர மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நாங்கள் ரயில் குடும்பம். புனேயிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து புனே, இப்படியே வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான். விலை உள்ளது எதுவோ அது பெரிய பெட்டிக்கு அடியில், புடவைக்கு நடுவில். பெட்டி சீட்டுக்கு அடியில். அதற்கு இரும்புச் சங்கிலி, பூட்டு. கைப்பையில் சீப்பும் டீக் காசும்தான் இருக்க வேண்டும், பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஓடட்டும். மாமா சங்கிலி போட்டதும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அந்தச் சங்கிலியைத்தான் அக்கா எடுத்து வந்திருந்தாள். ஆகுர்டியில் டாக்சி நின்றதும் பார்க்கிறேன், பெட்டியைச் சுற்றி நாலு சுற்று. இன்சுலின் அடியில், ஐஸ் பையோடு, ஒரு காட்டன் புடவைக்குள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை, நானும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. போதாததற்கு சங்கிலியை அவிழ்க்கச் சொல்லி, என் எலெக்ட்ரிக் கெட்டிலையும் அதே பெட்டியில் திணித்தேன். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி எதுவும் கொண்டுவரக் கூடாது என்று டிக்கெட்டோடு வந்த தாளில் போட்டிருந்தது. படித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தரை மணிக்கு என் கையால் காப்பி குடிக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும்.

துறைமுகத்தில் இறங்கியதுமே பெட்டியை வாங்கி, ஒரு சீட்டைக் கட்டி, உள்ளே அனுப்பிவிட்டார்கள். "கேபினுக்கு வந்துடும்" என்றார்கள். அக்கா போகிற பெட்டியைப் பிடித்து நிறுத்தி, சங்கிலியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

கேபினுக்குள் போனபோது மணி இரண்டரை. அடேயப்பா, என்ன அறை! ஜன்னல் நிறையக் கடல். மூன்று மணிக்குப் பக்கத்து அறைகளுக்கெல்லாம் பெட்டி வந்தது. எங்களுடையது வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. அப்போதுதான் அக்கா மெதுவாகக் கேட்டாள், "ஏன்டி, என் ஊசி?"

கெட்டில்தான் வேலையைக் காட்டிவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "நான் பார்த்துக்கறேன். நீ யார்கிட்டயும் சுகர்னு வாயைத் திறக்காத. தெரிஞ்சா கப்பலை விட்டு இறக்கிடுவான், அப்புறம் உன் பையன் என்னை உரிச்சுடுவான்" என்று மட்டும் சொன்னேன்.

கீழே விசாரணைக் கவுன்டருக்கு ஓடினேன். பாதி வழியில் சைரன் அலறியது. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டும் பயிற்சி. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் குறுக்கே நின்றார். எனக்கு அவசரம், விடு என்று இந்தியில் கத்தினேன். "டிரில் முடியாம கப்பலே கிளம்பாது மேடம்" என்றார், கோபமே இல்லாமல். அந்த மனுஷனை அன்றைக்குத் திட்டாத திட்டு இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாளைக்கே ஏதாவது ஒன்று ஆனால் எந்தப் படியில் ஓட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததுதான் உதவும். நீங்கள் போனால் போனை நோண்டாமல் அதைக் கவனியுங்கள்.

டிரில் முடிந்து கவுன்டரில் என் முறை வந்தபோது மணி ஐந்தரை தாண்டிவிட்டது. கப்பல் நகர ஆரம்பித்திருந்தது. நம் ஊர்ப் பழக்கம் போகுமா? ஐந்நூறு ரூபாய் நோட்டை நாலாக மடித்து, கைக்குள் வைத்து, கவுன்டர் பெண்மணி பக்கம் தள்ளினேன். "பெட்டி கொஞ்சம் சீக்கிரம்..." என்றேன்.

அவர் நோட்டை அப்படியே திருப்பித் தள்ளினார். "மேடம், இது வேண்டாம். ஸ்கேன்ல உங்க பெட்டியில கெட்டில் தெரிஞ்சுது. செக்யூரிட்டி ரூம்ல வச்சிருக்காங்க. இன்னும் இருபது பேர் பெட்டி இருக்கு, வரிசையா கூப்பிடுவாங்க. எட்டு மணி ஆகலாம்."

"எட்டு மணியா! அரே, அர்ஜென்ட் ஹை!"

"என்ன அர்ஜென்ட் மேடம்?"

மாற்றுப் புடவை வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். இன்னொரு ஐந்நூறை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். சத்தியமாக விட்டேன், அவ்வளவு மூளைதான் அன்றைக்கு எனக்கு.

அப்போது பின்னாலிருந்து யாரோ என்னை நகர்த்தினார்கள். அக்கா. டிரில் முடிந்து கேபினுக்குத் திரும்பியிருப்பாள் என்று நினைத்தவள் மூன்று மாடி இறங்கித் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு வருஷமாகப் பால்காரரிடம்கூடப் பேசாதவள், கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மராத்தியில் சொன்னாள்: "எனக்கு சுகர். என் இன்சுலின் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. ஏழு மணிக்கு நான் ஊசி போட்டுச் சாப்பிடணும்."

அந்தப் பெண்மணி சட்டென்று எழுந்தே விட்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். போன் போட்டார். எங்கள் அறையைக் கவனித்துக்கொள்ளும் அம்மா ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும், வடகிழக்குப் பக்கம் சொந்த ஊர். அக்கா கையைப் பிடித்து லிஃப்டில் கீழே செக்யூரிட்டி ரூமுக்கு அழைத்துப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். இடுப்பில் குத்தியிருந்த சாவியை அக்கா எடுத்தாள், சங்கிலி கழன்றது, கெட்டில் வெளியே வந்தது. அக்கா கெட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன் காப்பியில இடி விழ" என்றாள்.

அவள் என்னைத் திட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புடவைக்குள் ஐஸ் பை இன்னும் சில்லென்று இருந்தது. ஏழு மணிக்கு ஊசி போட்டு, ஏழேகாலுக்கு இரண்டு சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட்டாள். கப்பலிலேயே டாக்டர் இருக்கிறார், இன்சுலின் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நாலு மணிக்கே வேலை முடிந்திருக்கும் என்று அந்த அறை அம்மாதான் சொன்னார்.

மறுநாளிலிருந்து அக்கா என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள். கப்பலில் ரூபாய் நோட்டுக்கு வேலையே இல்லை. அறைச் சாவியாகக் கொடுக்கும் கார்டுதான் காசு. அதைக் காட்டினால் ஐஸ்கிரீமும் வரும், கடைசியில் பில்லும் வரும். டீ இலவசம், அலங்காரக் கிளாஸில் வரும் ஜூஸுக்குக் காசு. தினமும் சாயங்காலம் டிவியில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது என்று கண்டுபிடித்தது அக்காதான். குடிக்காத ஒரு ஜூஸுக்குக் காசு போட்டிருந்தார்கள், கவுன்டருக்கு நேரே போய் எடுக்க வைத்தாள். முதல் நாள் முறைத்த அதே பெண்மணி, இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

டிப்ஸ் விஷயத்தில் நான் தயங்கினேன். தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதை எடுக்கச் சொல்லலாம் என்று பக்கத்து மேஜைக்காரர் யோசனை சொன்னார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் சூப்பைக் குடிக்கப் போய்விட்டார். "உன் மாமா கம்பெனியில போனஸைப் பிடிச்சப்ப நாம எவ்வளவு வயிறெரிஞ்சோம்? அதே மாதிரிதான்டி" என்றாள். அந்த அறை அம்மாவுக்குத் தனியாகக் கையில் கொடுக்கப் போனபோது, "கொடுக்கறதுன்னா கொடுங்க, ஆனா ரூம்ல வச்சிருக்கற கருத்துக் கார்டுல என்னைப் பத்தி நாலு வரி எழுதுங்க. அடுத்த வேலை அதுலதான் வரும்" என்றார். அக்கா இரண்டும் செய்தாள். நாலு வரி கேட்டால் நாற்பது வரி, அதுவும் மராத்தியில், இடம் பத்தாமல் ஓரத்தில் எல்லாம் எழுதினாள். அந்த அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கெட்டிலை இறங்கும்போது திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் பையனிடம் மறைத்துவிடலாம் என்று நான் இருந்தேன். அக்கா ஆகுர்டி வாசலிலேயே, டாக்சி கதவைக்கூடச் சாத்தாமல், ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவன் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. அவளை அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். "நான் தனியாப் போறேன், நீ வர வேண்டாம்" என்றாள். மனசு கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். சீட்டுக்கு அடியில் பெட்டி, அதே சங்கிலி. குனிந்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். "அக்கா, ஊசி..." என்று வாயைத் திறந்தேன்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. தோளில் மாட்டியிருந்த சின்னப் பையைத் தட்டிக் காட்டி, எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னாள்: "எனக்கு சுகர் இருக்கு. இன்சுலின் இந்தப் பையில, சாக்லேட் முன் ஜிப்புல. நான் ஒரு மாதிரி ஆயிட்டா பார்த்துக்கங்க."

அந்த அம்மா தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே அதே ஊசி. இரண்டு பேரும் எந்த டாக்டர் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி நகரும்போதுதான் அக்காவுக்கு நான் இன்னும் உள்ளே நிற்பது தெரிந்தது.

"நீ இன்னும் இறங்கலையா? இறங்குடி!" என்று கத்தினாள்.